எஸ்யூவி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்து எஞ்சின் கோளாறைப் பிடிக்கும் வழி

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பெந்தோங்கில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் புறப்பட்டோம். வண்டிக்குள் ஏழு பேர். பின்கதவை அழுத்திச் சாத்த வேண்டிய அளவுக்கு முறுக்கு டின்கள். கோம்பாக் சுங்கச்சாவடியைக் கடந்து காராக் நெடுஞ்சாலையின் ஏற்றம் தொடங்கிய சில நிமிடங்களில் வெப்பமானி முள் நடுக்கோட்டை விட்டு மேலே நகர்ந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இதே கோளாறுக்காக ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) வாட்டர் பம்பையும் மாற்றி 780 ரிங்கிட் கொடுத்திருந்தேன்.

பண்டிகை முடிந்ததும் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பானட்டைத் திறப்பதற்கு முன் அவர் கேட்டார்: "தம்பி, எப்போது சூடேறுகிறது? நெரிசலில் நிற்கும்போதா, மலை ஏறும்போதா?" எனக்குப் பதில் தெரியும். முந்தைய பட்டறையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எஞ்சின் நன்றாக ஆறியதும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தினார். பம்பின் முள் ஒரு 'பார்' அழுத்தத்தைத் தொட்டு நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பில் தலைமுடி அளவு விரிசல். அதில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், இளஞ்சிவப்பாக ஒரு துளி வியர்த்து நின்றது. அதற்குக் கீழே, உப்புப் பூத்தது போல ஏற்கெனவே வெளுத்துக் காய்ந்த கறை. மெதுவாக ஓட்டும்போது அடைத்துக் கொண்டிருக்கும் விரிசல், ஏற்றத்தில் சூடும் அழுத்தமும் கூடியதும் வாய் திறந்திருக்கிறது. ரேடியேட்டர் 480, கூலண்ட் 60, கூலி 120: மொத்தம் 660 ரிங்கிட். முதலில் கொடுத்த 780 போனது போனதுதான்.

அன்றிலிருந்து டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சிறு புத்தகம். வண்டி முரண்டு பிடித்தால் உடனே எழுதிவிடுவேன்: எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடா, ஏற்றமா, நெரிசலா, கியர் டி-யிலா (டிரைவ்), என்-னிலா (நியூட்ரல்), ஏர்கான் ஓடியதா. "வண்டி ஒரு மாதிரி ஓடுகிறது" என்று போய் நிற்பவருக்கும் இந்த நான்கு வரியைக் காட்டுபவருக்கும் பில் ஒன்றாக வராது.

கீழே சொல்லும் விலைகள் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்து வெளிப்பட்டறைகளில் நான் கொடுத்தவையும் விசாரித்தவையும். 1.5 முதல் 2.0 லிட்டர் வரையிலான குடும்ப எஸ்யூவிகளுக்குப் பொருந்தும். நிறுவனச் சேவை மையத்தில் கூடும். ஐரோப்பிய வண்டி என்றால் இன்னும் கூடும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை வெளிப்பட்டறையில் பிரிக்க விடாதீர்கள்.

வெப்பமானி முள் ஏறுகிறது

ஜாலான் துன் ரசாக்கில் மாலை நெரிசலில் ஏறி, சாலை விட்டுக்கொடுத்து வேகமெடுத்ததும் இறங்கினால் மின்விசிறியைச் சந்தேகியுங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு விசிறிதான் காற்று. நின்ற இடத்தில் ஏர்கானைப் போட்டுவிட்டு முன்பக்கம் காது கொடுத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் விசிறி சுழலும் ஓசை வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. இவை 20 முதல் 60 ரிங்கிட்டுக்குள் முடியும். மோட்டாரே போயிருந்தால் 250 முதல் 500.

நகருக்குள் சாதுவாக இருந்து, மலை ஏறும்போது மட்டும் ஏறினால் கூலண்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மூடிதான் மலிவு, 25 முதல் 60 ரிங்கிட், அதிலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டர் மாற்ற 350 முதல் 900. கிளம்பிய ஐந்து பத்து நிமிடத்திலேயே, எந்தச் சாலையாக இருந்தாலும் முள் கிடுகிடுவென ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். 100 முதல் 280. வாட்டர் பம்ப் போனால் பெரும்பாலும் பெல்ட் பக்கம் ஒழுகல் தெரியும், அல்லது அரைக்கும் ஓசை கேட்கும். 250 முதல் 700.

முள்ளே இல்லாத வண்டிகள் இப்போது அதிகம். குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் எதுவும் கிடையாது. சிவப்பு எரிந்தபின் "அடுத்த ஓய்வுப் பகுதிவரை போய்விடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஓரம் கட்டி, ஏர்கானை அணைத்து, ஆவி கிளம்பினால் எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். "ஹீட்டரைத் திறந்துவிட்டால் சூடு குறையும்" என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்ததை இங்கே பகிர்பவர்கள் உண்டு. நம் ஊரில் விற்கும் பல கார்களில் ஹீட்டரே கிடையாது. ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தால்தான் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்துக்கு வரும். ஒரு மணி நேரம் பொறுத்து, தடித்த துணியைச் சுற்றி, மெல்லத் திருப்புங்கள். அவசரத்துக்குக் குடிநீர் ஊற்றலாம். ஆனால் அதையே வைத்து மாதக்கணக்கில் ஓட்டினால் உள்ளே துரு சேரும்.

ஒழுகலே இல்லை, ஆனால் கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது. பின்னால் தித்திப்பு வாசனையோடு வெண்புகை. ஆயில் மூடியின் உட்புறம் பால் டீ நிறத்தில் பசை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவக் குழாயை வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அதற்கு 50 முதல் 100 ரிங்கிட். மாறிய நிறத்தைக் கண்ணால் பார்த்தபின் 2,500 முதல் 5,500 வரையிலான மேல்பாக வேலைக்குத் தலையசையுங்கள்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது

நிலையாக எரிந்தால் பதறத் தேவையில்லை. ஓரிரு நாளில் பார்க்கலாம். சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. இருநூறு ரிங்கிட் வேலையை நாலாயிரமாக்கும் வழி அதுதான். வேகத்தைக் குறைத்து, முடிந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள செருகியில் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கும் சிறு கருவி, கைப்பேசியோடு இணைவது, 40 முதல் 100 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. அம்மன் கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரி, எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பட்டறைக்குள் போக வேண்டும் என்பது என் கொள்கை. பி-0300 என்றால் தாறுமாறாகப் பல சிலிண்டர்களில் தவறுகிறது. பி-0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது, இப்படியே.

எண் ஒரு சிலிண்டரைக் காட்டினால் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் ஆறியதும் மேலே உள்ள பிளாஸ்டிக் உறையைத் தூக்குங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் நான்கு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று பிடித்திருக்கும். மின்செருகியின் கொக்கியை விரலால் அழுத்தி இழுங்கள். பல ஆண்டுச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் வறுத்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், பலம் காட்டினால் ஒடிந்துவிடும். இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போடுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். 0302 இப்போது 0303 ஆக வந்தால் காயில்தான் குற்றவாளி: ஒன்று 100 முதல் 300 ரிங்கிட். எண் இடம் மாறாமல் 0302 ஆகவே வந்தால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள். இரிடியம் பிளக் ஒன்று 35 முதல் 80. நான்கு காயிலையும் சேர்த்து மாற்றினால்தான் ஆகும் என்பவரிடம் காரணம் கேளுங்கள். ஓடிய தூரம் அதிகமாகி, ஏற்கெனவே ஒன்று போய் இப்போது இன்னொன்றும் போயிருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

பி-0420 வந்தால் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும் என்று 1,500 முதல் 4,000 வரை விலை சொல்வார்கள். ஆக்சிஜன் சென்சரையும் புகைக்குழாய்க் கசிவையும் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது உதறுகிறது

பிரேக்கை மிதித்தபடி டி-யிலிருந்து என்-னுக்கு மாற்றுங்கள். உதறல் சட்டென்று அடங்கினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கின் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஒன்று 150 முதல் 450, எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தொடலாம். என்-னிலும் உதறி, ஆர்பிஎம் முள்ளும் மேலும் கீழும் ஆடினால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். 60 முதல் 120 ரிங்கிட். காற்று வடிகட்டியையும் பாருங்கள். என் வண்டியில் ஒருமுறை அதற்குள் எலி கூடு கட்டியிருந்தது.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களுக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. பழைய வகையில் பெட்ரோல் உள்வால்வு வழியாகப் போகும்போதே அதைக் கழுவிவிடும். இதில் அந்தக் கழுவல் இல்லை. வால்வின் மேல் கரி படிகிறது. காலையில் உதறி, சூடானதும் சரியானால் இதையும் நினைவில் வையுங்கள். வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக அடித்துக் கரியைப் பெயர்க்க 600 முதல் 1,200 வரை கேட்கிறார்கள். பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் மருந்துப் புட்டி இந்தக் கரியைத் தொடவே தொடாது; பெட்ரோல் அந்த வழியே போவதில்லையே.

கிளம்பவில்லை

காதால் பிரித்துவிடலாம். 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது முனையில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்'கோடு அடங்கி, விளக்குகள் பிரகாசமாகவே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார். பழுதுபார்த்தது 250 முதல் 500. நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் அல்லது சென்சர். எதுவுமே இல்லை, பொத்தானை அழுத்தினால் மௌனம் என்றால் சாவிக்குள் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கலாம். சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். பல வண்டிகள் கிளம்பிவிடும்.

நம் வெயிலில் பேட்டரி இரண்டு ஆண்டு தாங்கினால் நன்றாக உழைத்தது என்று பொருள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள், அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். 350 முதல் 800. புதுப் பேட்டரி 220 முதல் 350. சமிக்ஞையில் தானே எஞ்சின் அணையும் வசதி உள்ள வண்டிக்கு அதற்கென்றே செய்த பேட்டரி வேண்டும், 400 முதல் 750. மலிவாக இருக்கிறதென்று சாதாரணப் பேட்டரியை வைத்தால் சீக்கிரமே திரும்ப வாங்க நேரும்.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. காற்று வடிகட்டி, சென்சர், இன்ஜெக்டர். காலையில் சற்று நேரம் மெல்லிய வெண்புகை வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. மறையாவிட்டால் மேலே ஹெட் கேஸ்கட் பகுதிக்குப் போங்கள்.

நீலப்புகை எஞ்சின் ஆயில், அதாவது நம் பட்டறைகள் மினியாக் ஹீத்தாம் என்று சொல்வது, எரிகிறது என்பதன் அடையாளம். காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மலையிறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதிக்கும்போது வந்தாலும் அதையே முதலில் பாருங்கள். இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், அல்லது டர்போ வண்டியானால் டர்போ. பெரிய வார்த்தைகளுக்கு முன்னால், எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு என்ற சிறு பொருளை மாற்றிப் பாருங்கள்; 40 முதல் 150 ரிங்கிட். அது அடைத்தாலும் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். டர்போ மாற்ற 2,500 முதல் 6,000 வரை ஆகும். மிக மலிவானது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது. சமதளத்தில், எஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்து, செருகி, மறுபடி இழுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று 555-இல் எழுதிவந்தால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

சத்தம்

காலையில் கிளப்பியதும் கிரீச்சிட்டு, மழை நாளில் கூடினால் பெல்ட். 80 முதல் 250. குளிர்ந்த எஞ்சினில் ஓரிரு விநாடி சங்கிலி உரசுவது போலக் கேட்டு அடங்கினால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அந்த ஓசை நீளத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள், செயின் தொகுதி முழுவதும் 1,200 முதல் 2,500. ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம். கோலாலம்பூர் நெரிசலில் கிலோமீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடும். அதனால் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுகிறேன்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது கூழாங்கல் குலுக்குவது போன்ற ஓசை வந்தால் பெட்ரோல் தன் முறைக்கு முன்பே வெடிக்கிறது. கையேடு ரோன் 95 போதும் என்றால் போதும்தான். ரோன் 97 இரண்டு தொட்டி ஊற்றி ஓசை போகிறதா என்று பாருங்கள். போனால் உள்ளே கரி சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடியிலிருந்து சுத்தியலால் அடிப்பது போன்ற கனத்த 'டொக் டொக்', கூடவே சிவப்பு எண்ணெய்க் குவளை விளக்கு. இதற்கு ஒரே வழி, அந்த நொடியில் அணைப்பது. பத்து மீட்டர்கூட ஓட்டாதீர்கள். பேரிங் மட்டும் போயிருந்தால் ஒரு செலவு. கிராங்க் ஷாஃப்டையும் தின்றுவிட்டால் ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சினைத் தேடி 4,000 முதல் 9,000 வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

இழுவை இல்லை, கருகல் வாடை, கீழே சொட்டு

ஏற்றத்தில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாமல், எஞ்சின் விளக்கும் எரிந்தால், வண்டி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. டர்போ வண்டியில் காற்றுக் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதிக்கும்போது 'உஸ்' என்று கேட்கும், 80 முதல் 300 ரிங்கிட்டில் முடியும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரவில்லை என்றால் கோளாறு கியர்பெட்டியில்; அது வேறு அத்தியாயம், வேறு செலவு.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது கருகல் வாடை அடித்து, எஞ்சின் எரிகிறது என்று பதறி நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் அது பிரேக். சிறிய கியரில் இறங்கினால் வாடையே வராது.

வண்டிக்கடியில் சொட்டு தெரிந்தால் ஓர் அட்டையை இரவில் விரித்து வையுங்கள். பழுப்பு என்றால் எஞ்சின் ஆயில். வால்வு மூடி கேஸ்கட்டாக இருந்தால் 150 முதல் 400. இளஞ்சிவப்பு, பச்சை, நீலம், தொட்டால் வழவழப்பு என்றால் கூலண்ட். அடர் சிவப்பு கியர் ஆயிலாக இருக்கலாம். நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் ஏர்கான் வடிகால். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு இழுவை வண்டியை அழைத்தார். அவர் நிறுத்தியிருந்த கார் புத்தம் புதியது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கின. தரையிலிருந்து உயரமாக இருப்பதால் எஸ்யூவி தண்ணீரைக் கடந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு அதிகம். ஆனால் காற்றை இழுக்கும் வாய் பல எஸ்யூவிகளில் பானட்டின் முன்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. எதிரே வரும் லாரி கிளப்பும் அலை ஒன்று போதும்.

நீர் உள்ளே போய் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி கிளப்பிப் பார்க்காதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டனுக்கு இடம் இல்லாதபோது கனெக்டிங் ராடு வளைகிறது. செந்தூல் பட்டறையில் அப்படி வளைந்த ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள், அரிவாள்மணை வளைவு. கிளப்பாமல் இழுத்து வந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எல்லா எண்ணெய்களையும் மாற்றி 600 முதல் 1,500 ரிங்கிட்டுக்குள் எஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மெக்கானிக். மின்சுற்றும் இருக்கைகளும் நனைந்திருந்தால் அந்தக் கணக்கு தனி.

விரிவான காப்புறுதி இருப்பதால் வெள்ளத்துக்கும் பணம் கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். அடிப்படைப் பாலிசியில் பெரும்பாலும் வெள்ளம் அடங்காது. சிறப்பு அபாயங்கள் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சாலை வரி புதுப்பிக்கும்போது அந்தப் பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இழுப்பதற்கு முன் கதவில் தெரியும் நீர்மட்டக் கோட்டைப் படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.